பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து

அத்தியாயம் 17

கோழித் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது நெல்மரின் விரல்கள் மடங்கியேதான் இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிடித்த கத்தியைப் பிற்பகல் ஒன்றரைக்குக் கீழே வைத்துவிடலாம். விரல்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதனால் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித்தான் ஸ்டியரிங்கைத் திருப்புவான்.

அன்று வெள்ளிக்கிழமை. வழி நெடுக அவன் நெஞ்சுவலியை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான்.

மனைவி ஜெமலினின் பரீட்சைக்கு இன்னும் ஆறு நாள். பதினாறு அறை, அறைக்கு ஒரு நோயாளி வேஷக்காரர், ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம். வீட்டில் அந்தப் பதினாறு பேரும் நெல்மர்தான். இந்த ஒரு வருஷத்தில் அவனுக்கு நாற்பது தடவையாவது குடல்வால் வீங்கியிருக்கும். மூன்று தடவை பிள்ளைத்தாய்ச்சியாக இருந்திருக்கிறான். போன மாதம் பிள்ளை பெற்ற சோர்வில் நிஜமாகவே அழுதுவிட்டான். ஜெமலின் சிரித்த சிரிப்பில் எட்டு நிமிடமும் போயிற்று.

ஊரில், இலோய்லோவில், அவள் மாகாண ஆஸ்பத்திரியில் டாக்டர். அவன் அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் டிரைவர். இங்கே சிட்னியில் அவள் மாணவி விசாக்காரி. பெயருக்கு ஒரு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறாள். மிச்ச நேரத்தில், ஏற்கெனவே ஆன டாக்டராக மறுபடி ஆவதற்குப் படிக்கிறாள். எழுத்துப் பரீட்சை தேறியாயிற்று. செய்முறையில் போன வருஷம் தவறினாள். இது இரண்டாவது முறை. விசாவின் ஆயுளைப் பார்த்தால் கடைசி முறையும் இதுதான்.

ரூட்டி ஹில்லில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவனுக்கு முதலில் அடித்தது பன்றிக்கறியும் துவரையும் பலாக்காயும் கொதிக்கிற வாசனை. அடுப்படியில் மிண்டா நின்றிருந்தாள். ஜெமலினின் அக்கா. இந்த ஊரில் பதினைந்து வருஷமாக நர்ஸ். வீடு அவளுடையது, தங்கையும் தங்கை புருஷனும் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில் இருக்கிறார்கள். ஜெமலினுக்கு அந்த முதியோர் இல்லத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதே இல்லத்தில்தான் அவளும் பொறுப்பு நர்ஸ்.

லீவு நாளில் மிண்டா சமைத்தால் பாட்டுப் பாடுவாள். இன்று பாட்டு இல்லை.

ஜெமலின் சீருடை போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தாள்.

"இன்னைக்கு உனக்கு டூட்டி இல்லையே?"

"கூப்பிட்டிருக்காங்க. மூணு மணிக்கு. லெட்டர் வந்திருக்கு, படி."

நெல்மருக்கு ஆங்கிலம் காதில் விழுந்தால் புரியும். எழுத்தில் வந்தால் விரல் வைத்து இழுக்க வேண்டும். இன்று விரலும் நேராக வரவில்லை. இழுத்து முடித்தபோது அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

செவ்வாய்க்கிழமை நடந்தது வாசகர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக நாலு வரி. எண்பத்தொரு வயது ஆர்தர் பெக், சர்க்கரை நோயாளி. மாலைத் தேநீரின்போது வயிற்றில் வாயு என்றார், தாடை வலிக்கிறது என்றார். ஊட்டிக்கொண்டிருந்த ஜெமலின் அவர் கையைப் பிடித்தாள். ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது. பொறுப்பு நர்ஸான அக்காவிடம் ஓடிச் சொன்னாள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த மிண்டா, "வாயுவா இருக்கும், வர்றேன்" என்றாள். வரவில்லை. மறுபடி ஓடினாள். மறுபடியும் "வர்றேன்". அப்புறம் ஜெமலினே போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மாரடைப்பேதான். பெக் பிழைத்துக்கொண்டார். மறுநாள் அவர் மகள் ஊழியர் அறைக்கு ஒரு பெரிய கேக் அனுப்பினாள்.

இல்லம் அனுப்பியது இந்தக் கடிதம்.

குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, பராமரிப்பு உதவியாளர் தன் வேலை எல்லையை மீறி நடந்தது. இரண்டு, பதிவு பெறாமல் தன்னை டாக்டர் என்று காட்டிக்கொண்டது.

இரண்டாவதுக்கு ஆதாரம் இருந்தது. அன்றைக்கு நோயாளி குறிப்பேட்டில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வேர்வை, தாடைவலி, நர்ஸிடம் சொன்ன நேரம் எல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, அடியில் 'ஜெமலின் பல்மாரெஸ், எம்.டி.' என்று கையெழுத்துப் போட்டிருந்தாள்.

வேண்டுமென்றே போட்டதில்லை. பிலிப்பைன்ஸில் மருத்துவம் படித்துத் தேறியவர்களுக்கு அந்த எழுத்து இனிஷியல் மாதிரி, பெயரோடு ஒட்டிவிடும். அவள் தேறின அன்று நாற்சந்தியில் அவள் முகம் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் முகத்தைவிட அந்த இரண்டு எழுத்து பெரிது. ஏழு வருஷம், ஒரு நாளைக்கு ஐம்பது மருந்துச் சீட்டில், அப்படியே கையெழுத்துப் போட்ட கை. பதற்றத்தில் கை பழைய தடத்தில் ஓடிவிட்டது.

"கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு, இண்டாய்," என்றாள் மிண்டா, குழம்பைப் பார்த்தபடி. தங்கையை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "தப்புதான்னு ஒத்துக்கிட்டா அவங்களோட முடிஞ்சுடும். இல்லேன்னா மேலே எழுதிடுவாங்க. பரீட்சை நேரத்துல எதுக்கு வம்பு?"

"எங்கக்கா முடியும்?" என்றான் நெல்மர். "டாக்டர் பதிவுக்கு ஃபாரம் நிரப்பும்போது, உன் மேல எப்பவாவது ஒழுங்கு நடவடிக்கை உண்டான்னு கேக்குறான். பரீட்சையில பதினாறு அறையும் பாஸானாலும், பதினேழாவது அறை அதுதான். அங்க இவ என்ன எழுதுவா?"

"அடேயப்பா. டிரைவர் சட்டம் பேசுறார்."

"ஆமா, டிரைவர்தான். செத்துக்கிட்டிருக்கிறவன் முன்னாடி 'வர்றேன் வர்றேன்'னு நிக்க டிரைவருக்குத் தெரியாது."

கரண்டி சட்டியில் டங்கென்று பட்டது.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்று எழுந்தாள் ஜெமலின். "துணைக்கு ஒரு ஆள் கூட்டிட்டு வரலாம்னு போட்டிருக்கு. நெல்மர், நீ வா. ஆனா குளிச்சிட்டு வா. உன்மேல கோழி நாத்தம்."

* * *

இல்லத்தின் மேலாளர் லொரெய்ன் அறையில் பிஸ்கட் தட்டு இருந்தது. பக்கத்தில் தலைமை அலுவலகத்து ஆள் கிரெக், மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான்.

"வா ஜெம், உட்காரு கண்ணு," என்றாள் லொரெய்ன். "நீங்க துணைக்கு மட்டும்தான், சார். பேசக் கூடாது."

நெல்மர் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டான்.

ஜெம் என்று கூப்பிட்டதே அவனுக்கு எரிந்தது. பரீட்சையில், அறைக்குள் போனதும் கை கழுவி, தன் பெயரைச் சொல்லி, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று நோயாளியைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மதிப்பெண் போகும். இரண்டு வருஷமாக இந்த லொரெய்ன் ஜெமலினை ஒரு தடவை கேட்டதில்லை.

"மிஸ்டர் பெக் எப்படி இருக்கார், மேடம் லொரெய்ன்?" என்றாள் ஜெமலின்.

"நல்லா இருக்கார். நாம இங்க பேச வந்தது அதைப் பத்தி இல்ல."

நெல்மருக்கு ஒரு நிமிடம் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்தது. மனிதன் பிழைத்தது பேச்சே இல்லை. பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து இருந்ததுதான் பேச்சு.

கிரெக் குற்றச்சாட்டைப் படித்தான். கிரெக்கின் குரல் விமான நிலைய அறிவிப்பு மாதிரி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"எம்.டி.ன்னு போட்டது தப்புதான்," என்றாள் ஜெமலின். "பழக்கத்துல வந்துடுச்சு. அதை எழுதியே குடுக்கிறேன். ஆனா எல்லை மீறினேன்னு எப்படி? நர்ஸ்கிட்ட சொன்னேன். மூணு பத்துக்கு ஒரு தடவை, மூணு இருபத்தஞ்சுக்கு ஒரு தடவை. வரல. அதுக்கப்புறம், மூணு முப்பத்தஞ்சுக்குத்தான் போன் பண்ணினேன்."

"அதுல ஒரு சிக்கல் இருக்கு," என்றான் கிரெக். "பொறுப்பு நர்ஸோட வாக்குமூலம் வேற மாதிரி இருக்கு."

தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினான்.

நாலே வரி, தட்டச்சு செய்தது. உதவியாளர் தன்னிடம் எதுவும் தெரிவிக்கவில்லை. நோயாளியைத் தானே பரிசோதித்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் தாமதித்தார். ஆம்புலன்ஸ் வந்த பிறகே தனக்குத் தெரியும்.

அடியில் கையெழுத்து. லூஸ்விமிண்டா. முதல் எழுத்தின் வால் சுருண்டு சுருண்டு மேலே போகும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பரிசுப் பொட்டலத்தின் மேல் அந்தச் சுருளை நெல்மர் பார்த்திருக்கிறான்.

ஜெமலின் தாளை இரண்டாம் தடவை படித்தாள். அப்புறம் வைத்துவிட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"உன் அக்கா பொய் சொல்றாங்கன்னு சொல்றியா, ஜெம்?" லொரெய்ன் தலையைச் சாய்த்துக் கேட்டாள், நோயாளியை விசாரிக்கிற மாதிரி.

ஜெமலின் தாளைக் கிரெக் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

படித்தவர்கள் கோபத்தை மடித்து உள்ளே வைத்துக்கொள்வார்கள். நெல்மருக்கு மடிக்கத் தெரியாது.

"அந்த மனுஷன் இன்னைக்கு மூச்சு விடுறாரே, அது யாரால?"

"சார், நீங்க பேசக் கூடாது."

"நான் பன்னெண்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினவன்ம்மா. இருபத்தஞ்சு நிமிஷம்னா என்னன்னு எனக்குத் தெரியும். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நீங்க கேக் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, மலர்வளையம் வாங்கியிருப்பீங்க. காப்பாத்தினவளைக் கூப்பிட்டு வெச்சுக் குத்தம் படிக்கிறீங்க, பிஸ்கட் வேற."

"இதையும் குறிச்சுக்கட்டுமா?" என்றான் கிரெக்.

"குறிச்சுக்கோ. என் பேரு நெல்மர். பின்னாடி எந்த எழுத்தும் கிடையாது, நீ பயப்படாம எழுதலாம்."

ஜெமலின் அவன் முழங்கையைத் தொட்டாள். உட்கார்ந்தான்.

"எனக்கு யோசிக்க நேரம் வேணும், மேடம். திங்கட்கிழமை சொல்றேன்."

லொரெய்னும் கிரெக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாளைக்குக் காலையிலயே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டா நல்லது," என்றாள் லொரெய்ன். "உனக்காகத்தான் சொல்றேன். கையெழுத்து வந்துட்டா இது இந்த நாலு சுவரைத் தாண்டாது."

* * *

வண்டியில் ஏறினதும் நெல்மர் வெடித்தான்.

"ஏன் வாயைத் திறக்கல நீ? 'ஆமா, பொய்தான்'னு ஒரு வார்த்தை! அந்தக் குறிப்புல நேரம் போட்டு எழுதியிருக்கியே!"

"ஓட்டு."

"கூடப் பிறந்தவ இப்படி எழுதிக் குடுத்துட்டு, காலையிலேர்ந்து உனக்குக் குழம்பு வெக்கிறா. கையெழுத்துப் போடுன்னு புத்திமதி வேற. த்தூ!"

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? நோயாளியைக் கவனிக்கல, அதுக்கு மேல பொய் வாக்குமூலம். அவ லைசன்ஸ் போயிடும்." ஜெமலின் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "லைசன்ஸ் இல்லாம இருக்கிறது எப்படின்னு உனக்குத் தெரியாது, நெல்மர். கண்ணு முன்னாடி நோய் தெரியும். பேரு தெரியும், மருந்து தெரியும். வாயைத் திறக்கக் கூடாது. 'ஸ்பூனைப் பிடி, துடைச்சு விடு'. இதை நான் எதிரிக்கும் குடுக்க மாட்டேன்."

"அவ உனக்குக் குடுத்துட்டாளே."

சிக்னலில் நின்றபோது, அவள் மடியில் இரண்டு கையும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்ததை நெல்மர் பார்த்தான். அறைக்குள் நுழைகிறபோது கை கழுவுகிற அதே தேய்ப்பு. தினமும் பழகிப் பழகி வந்துவிட்டது.

* * *

மிண்டா மூன்று தட்டு வைத்திருந்தாள்.

"போட்டாச்சா? வாங்க, சூடா இருக்கு."

"சாப்பாடு அப்புறம்க்கா," என்றான் நெல்மர். நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டான், உட்காரவில்லை. "எனக்கு ஒரே ஒரு கேள்வி. இவ உங்ககிட்ட ரெண்டு தடவை வந்து சொன்னாளா, இல்லையா?"

மிண்டா தங்கையைப் பார்த்தாள். தாளைக் காட்டிவிட்டார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

"சொன்னா," என்றாள்.

"அப்ப அந்தத் தாள்?"

"ஐம்பத்திரண்டு பேரு, தம்பி. ஐம்பத்திரண்டு கிழடுகளுக்கு நான் ஒரு நர்ஸ். அந்த நேரத்துல நாப்பத்தோராவது ஆளுக்கு இன்சுலின் போட்டுக்கிட்டிருந்தேன். அதுல ஒரு புள்ளி தப்பினா அவ சாவா. இன்னொரு நர்ஸ் வேணும்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன். லொரெய்ன் படிச்சாளான்னுகூடத் தெரியாது. புதன்கிழமை அந்தத் தாளை அவளே அடிச்சு எடுத்துட்டு வந்தா. 'நீயா, உன் தங்கச்சியா? ஒருத்தரைத்தான் என்னால காப்பாத்த முடியும்'னா." குரல் உடைந்தது. "நானும் போயிட்டா இந்த வீடு யாரு பார்ப்பா? ஊர்ல அம்மாவுக்கு வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸுக்குப் பணம் யாரு அனுப்புவா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா," என்றாள் ஜெமலின். அன்று முழுவதும் ஒரே சீராக இருந்த அவள் குரல் இப்போதுதான் நடுங்கியது.

"கேட்டா நீ சரின்னு சொல்லியிருப்ப. அதான் கேக்கல."

நெல்மர் நாற்காலியிலிருந்து கையை எடுத்தான். அவளைத் திட்டத் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் இப்போது பொருந்தவில்லை.

இந்தக் கதை அவனுக்குத் தெரிந்த கதைதான். கோழி வரிசையில் வேகத்தைக் கூட்டுகிறவன் ஒருவன். கூட்டின வேகத்தில் எவன் விரலாவது போனால், பக்கத்தில் நிற்கிறவனைக் கூப்பிட்டு, 'இவன் கையுறை போடவில்லை' என்று எழுதி வாங்குகிறவனும் அவனேதான். எழுதிக் கொடுத்தவன் அன்று சோறு தின்ன மாட்டான். எழுதி வாங்கினவன் வயிறு நிறையத் தின்பான்.

அப்போதுதான் மேஜை மேல் மிண்டாவின் போன் அடித்தது. திரையில் லொரெய்ன்.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். நாலு தடவை அடித்தது. மிண்டா கையை ஏப்ரனில் துடைத்தாள். ஒரு கை, அப்புறம் மற்றது, நிதானமாக. போனை எடுக்கவில்லை. மேஜையிலேயே வைத்து, ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"மிண்டா! பேசலாமா? தனியாத்தான இருக்க?" லொரெய்னின் குரல் அடுப்படி முழுக்கப் பரவியது. "பாரு, உன் தங்கச்சி திங்கட்கிழமைங்கிறா. அது ஆகாது. பெக்கோட மகள் திங்கட்கிழமை காலையில வர்றா. அன்னைக்கு எழுதின குறிப்பு வேணுமாம். இருபத்தஞ்சு நிமிஷம் ஏன் தாமதம்னு கேக்கிறா. அவ வர்றதுக்கு முன்னாடி, தாமதம் ஜெம்மால்தான்னு அவளே ஒத்துக்கிட்ட தாள் ஃபைல்ல இருந்தாகணும். நீ பேசினா கேப்பா. பரீட்சையைச் சொல்லிப் பயமுறுத்து. மகள் வர்ற விஷயம் மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம். சரியா?"

மிண்டா தங்கையைப் பார்த்தாள்.

நெல்மரின் மடங்கின விரல்கள் போனை நோக்கிப் போயின. ஜெமலின் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு மேஜை மேல் குனிந்தாள்.

"மேடம் லொரெய்ன், நான் ஜெமலின் பேசுறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"அந்தக் குறிப்பை எழுதினது நான்தான். ரெண்டு தடவை போய்ச் சொன்ன நேரமும் அதுல இருக்கு. எம்.டி.ன்னு எழுதினதுக்கு என்ன தண்டனையோ அதை நான் வாங்கிக்கிறேன். இருபத்தஞ்சு நிமிஷத்தை வாங்கிக்க மாட்டேன். அது என்னோடது இல்ல. என் அக்காவோடதும் இல்ல. ஐம்பத்திரண்டு பேருக்கு ஒரு நர்ஸ் போட்டவங்களோடது. திங்கட்கிழமை அந்தம்மா வரும்போது நானும் வர்றேன். அவங்களுக்கு வேணும்கிறதை வரி வரியா நானே படிச்சுச் சொல்றேன்."

நெல்மர் தன்னை அறியாமல் தலையாட்டினான். இவ்வளவு நேரமும் மடித்து வைத்திருந்ததை அவள் பிரித்துப் போட்டுவிட்டாள், ஒரு சுருக்கம் இல்லாமல்.

கடைசியில் லொரெய்ன் பேசினாள். குரலில் இப்போது 'கண்ணு'வும் இல்லை, கொஞ்சலும் இல்லை.

"மிண்டா. நீ லைன்ல இருக்கிறது எனக்குத் தெரியும். தங்கச்சி பேச்சைக் கேட்டு ஆடாத. போன மாசம் ஏழாம் நம்பர் அறையில நடந்ததை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. ஞாபகம் இருக்கட்டும்."

மிண்டாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. ஆனாலும் குனிந்து, போனிடம் சொன்னாள்:

"சொல்லுங்க மேடம். ஸ்பீக்கர்லதான் இருக்கு. எல்லாரும் கேக்கிறாங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.

"ஏழாம் நம்பர்ல என்னக்கா நடந்தது?" என்று ஜெமலின் கேட்டாள்.

மிண்டா எட்டி அடுப்பை அணைத்தாள். நெல்மர் இழுத்துப் போட்டிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"கதவைச் சாத்திட்டு வா, தம்பி," என்றாள். "லொரெய்ன்கிட்ட மாட்டினது இவ மட்டும் இல்ல. நான்தான் முதல் ஆள்."